பெஞ்சுக்காலில் நின்ற வெளிச்சம்

ஓடக்காட்டூர் பேருந்து நிழற்குடையில் இரும்புப் பெஞ்சின் இடது பின்னங்காலைச் சட்டத்தோடு இணைப்பதற்காகக் கோகிலவாணி முதன்முதலாக வெல்டிங் ராடை உரசியபோது எழுந்த வெளிச்சம், அவள் பயந்துபோய் ராடை வெடுக்கென்று இழுத்துக்கொண்ட பிறகும் அணையவில்லை. மிஷினை நிறுத்தியும் அணையவில்லை, கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கியும் அணையவில்லை, யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியும் அணையவில்லை. மொச்சைக்கொட்டை அளவில், முழங்காலுக்குக் கீழே, வெள்ளையும் நீலமுமாக, பஜ்ஜிச் சட்டிபோல இரைந்துகொண்டு அது அங்கேயே நின்றது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ராடு இரும்பில் ஒட்டிக்கொள்வது வழக்கம். கோகிலவாணிக்கு வெளிச்சம் ஒட்டிக்கொண்டது. அது ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி. ஊரில் வேலைவெட்டி இல்லாதவர்கள் அனைவரும், வேலை இருந்தும் செய்யாதவர்கள் அனைவரும், ஒரு பெண்பிள்ளை வெல்டிங் அடிக்கும் அழகைப் பார்ப்பதற்கென்று அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்று ஓடக்காட்டூரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், ஏனென்றால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பதினேழு உள்ள ஊர் அது. தெரிந்தும் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காதே என்று அடுத்தவரிடம் சொல்லிக்கொண்டே பார்த்தார்கள், மாலை விழுவதற்குள் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் துடித்தார்கள், உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக நறுக்கிக் கண்களில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக மல்லாந்து கிடந்தார்கள். மூன்றாம் நாள் கண் திறந்ததும் முதல் வேலையாக நிழற்குடைக்குப் போய், இன்னும் எரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். எரிந்தது. மறுபடியும் படுத்தார்கள். அந்த வாரச் சந்தையில் உருளைக்கிழங்கு இல்லை.

கோகிலவாணிக்கு மட்டும் கண் நோகவில்லை, அவள் முகத்தில் வெல்டிங் மாஸ்க் இருந்தது. அந்த மாஸ்க்குக்காக ஊர் அவளைப் பார்த்துச் சிரித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கொசுவலை தைக்கும் கம்பெனியை மூடியபோது வேலை போன நூற்றெண்பது பெண்களில் அவளும் ஒருத்தி. மற்றவர்கள் வேறு தையல் தேடிப் போனார்கள், அவளோ முப்பத்திரண்டு வயதில், கட்டியவன் விட்டுப் போன பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, வெல்டிங் பழகப் போகிறேன் என்றாள். "அடுப்பப் பத்தவெக்கறதுக்கே ரெண்டு தடவ கையச் சுட்டுக்கறவ, இவ இரும்பப் பத்தவெக்கப் போறாளாமா" என்றாள் அண்ணி சரளா, கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

கடைவீதியில் நல்லசிவத்தின் இரும்புக்கடைக்குக் கோகிலவாணி போனபோது அவர் யாருக்கு மாஸ்க் என்று கேட்டார், எனக்குத்தான் என்றதும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இது போதும் உனக்கு. மொகத்துக்கும் எடுப்பா இருக்கும்."

"இது கண்ணத்தான் மறைக்கும். மூஞ்சித் தோலு உரிஞ்சு போயிருமுங்கண்ணா."

"பாடி கட்டற பசங்க அதக்கூடப் போடறதில்ல, அம்மணி. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அடிக்கறானுக."

"அதுதான் அத்தன பேரு கண்ணும் கோவப்பழமா இருக்குது."

அடுத்து, கையில் பிடித்துக்கொள்ளும் தடுப்பு ஒன்றைக் கொடுத்தார். அவள் அதை இடது கையில் பிடித்து, வலது கையில் ஒரு பென்சிலை ராடாக வைத்துப் பார்த்துவிட்டு, புதுக் கை நடுங்கும், வலது மணிக்கட்டுக்கு இடது கை முட்டுக்கொடுக்க வேண்டும், ஆகவே இது ஆகாது என்று திருப்பிக் கொடுத்தாள். தலையில் மாட்டும் மாஸ்க்கை எடுத்து, பின்னால் பட்டையைத் திருகி இறுக்கி, கீழே விழுகிறதா என்று இரண்டுமுறை தலையை ஆட்டிப் பார்த்தாள், மூக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், கடைசியில் கண்ணாடியைக் கழற்றி அதன் ஓரத்தைத் தடவி, "இதுல நம்பர் இல்லீங்களே" என்றாள்.

"என்ன நம்பர்?"

"பத்து, பதினொண்ணுன்னு இருக்கோணும். அது இல்லாட்டி வெறும் கலர்க் கண்ணாடிதானுங்க."

இருபத்தாறு வருடங்களாக மாஸ்க் விற்ற நல்லசிவத்துக்குக் கண்ணாடிக்கு நம்பர் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று அவள் சொன்னதை அவர் ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் தேடிப் பிடித்து, பதினொன்று என்று ஓரத்தில் எழுதிய கண்ணாடி ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அந்த மாஸ்க்கை இறக்கினால் உள்ளே கும்மிருட்டு, ராடு பற்றிக்கொண்டால்தான் எதுவும் தெரியும். அதனால் மிஷினைத் தொடுவதற்கு முன்பே அவள் பின்னறையில் ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, அது எரிந்து குறையக் குறையக் கையைத் தாழ்த்தி, தரையில் கிழித்த கோட்டிலிருந்து அதே உயரத்தில் நுனியை நகர்த்திப் பழகினாள். ராடும் அப்படித்தான் கரைந்துகொண்டே போகும்.

பட்டறைக்காரர் பொன்னுரங்கம் யாருக்கும் எதையும் சொல்லித் தருகிறவர் அல்ல. முப்பது வருடங்களாக மாஸ்க் போடாமல் வெல்டிங் அடித்ததைத் தவிர அவருக்குச் சொல்லிக்கொள்ளவும் எதுவும் கிடையாது. அவருடைய பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிற ஆள் ஓர் இணைப்பைத் தொடங்கி, அதைத் தானே முடிக்க வேண்டும். அவர் நாலு பவுண்டு சுத்தியலால் அதை மூன்று அடி அடிப்பார். உடையவில்லை என்றால் ஆளை வேலைக்கு எடுத்தாயிற்று. ஒருவர் தொடங்கியதில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது, தொடங்கியதை விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கவும் கூடாது. "லாரில குடுக்க மாட்டேன்" என்று அவர் கோகிலவாணியிடம் சொன்னார். "நெழற்குடை பெஞ்சு ஒண்ணு வந்திருக்குது. ஒடஞ்சா உக்கார்றவன்தான் உழுவான்."

வெளிச்சம் ஒட்டிக்கொண்ட மறுநாள் அவள் பட்டறைக்குப் போய் வேறு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாள். அவர் கண்ணில் உருளைக்கிழங்கோடு கட்டிலில் கிடந்தபடி, "நீ தொடங்கினது அதுதான அம்மணி. அத முடிச்சுட்டு வா" என்றார். முடிக்க அவளுக்குத் தெரியாது. பழைய இரும்புத் துண்டுகளில் அடித்துப் பார்த்ததில் வெல்டு காக்கை எச்சம்போல் திட்டுத் திட்டாக விழுந்தது. பின்கட்டில் கிடக்கும் கழிவு இரும்பில் பழகிக்கொள்வதற்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் திரும்பினாள்.

அவள் பழகிய ஏழு மாதங்களில் ஊர் வெளிச்சத்துக்குப் பழகிக்கொண்டது. முதலில் மின்வாரியத்து ஆள் வந்து, கறுப்புக் கண்ணாடி வழியாக ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்து, இது எங்கள் மின்சாரம் அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். யாருடைய மின்சாரமும் அல்லாத ஒன்று இலவசம் என்பதைப் பேரூராட்சித் தலைவர் மயிலானந்தம் உடனே புரிந்துகொண்டு, நிழற்குடையைச் சுற்றிக் கயிறு கட்டி, காவலுக்கு இரண்டு ஆள் போட்டு, கடைவீதியின் தெருவிளக்குகளை அணைத்துவிட்டு, அதைத் தம் சாதனையாகச் சுவரில் எழுதிக்கொண்டார். கயிற்றில் ஒருவர் எலுமிச்சம்பழ மாலையைக் கட்டினார், இன்னொருவர் கட்சிக்கொடியைக் கட்டினார், மூன்றாமவர் பல் மருத்துவமனை விளம்பரத்தைக் கட்டினார். பேருந்துகள் நூறு கெஜம் தள்ளி நின்றன. பயணிகள் வெயிலில் நின்றுகொண்டு, நிழற்குடையால் ஊருக்கு எவ்வளவு பெருமை என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு மாஸ்க் வந்தது. நல்லசிவம் லாரி லாரியாக இறக்கினார், ஊர் அவர் கடை வாசலில் வரிசையில் நின்றது. கண்ணாடி நம்பரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. சிவப்பில் இருக்கிறதா என்று கேட்டார்கள், மேல்தெருக்காரர் வாங்கியதைவிடப் பெரியது இருக்கிறதா என்று கேட்டார்கள், குலதெய்வத்தின் படம் ஒட்டித் தருவீர்களா என்று கேட்டார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடும் மாஸ்க் எத்தனை கிராம் எடை இருந்தால் மரியாதை என்று கேட்டார்கள். நம்பர் இல்லாத கண்ணாடி வாங்கியவர்கள் மறுபடி உருளைக்கிழங்குக்குப் போய்விட்டு வந்து, நம்பர் உள்ளதை வாங்கி, இதைத்தான் முதலிலேயே கேட்டோம் என்றார்கள். சரளா கிளிப்பச்சையில் ஜரிகைக் கரை வைத்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, "எங்க கோகிலா பத்தவெச்சதுதானுங்க" என்று கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பொன்னுரங்கம் ஊரிலேயே பெரிய மாஸ்க்காக, பித்தளை விளிம்பு போட்டு வாங்கினார். முப்பது வருடங்கள் பட்டறையில் போடாததைக் கடைவீதியில் டீ குடிக்கப் போகும்போது போட்டுக்கொண்டார்.

அந்தக் கண்ணாடி வழியாக வெளிச்சம் மட்டும்தான் தெரியும், வெளிச்சத்தை ஒட்டி இருப்பவை பச்சையாகத் தெரியும், மற்றது எதுவும் தெரியாது. ஆகவே தெரிய வேண்டியதையெல்லாம் ஊர் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. நிச்சயதார்த்தம் கயிற்றோரம் நடந்தது, பஞ்சாயத்து கயிற்றோரம் நடந்தது, குழந்தையின் முகம் யார் சாயல் என்பதைக் கயிற்றோரம் தூக்கிப் பிடித்து முடிவுசெய்தார்கள், எல்லாக் குழந்தைகளும் ஒரே பச்சையாக இருந்தன. முதலில் வீட்டுக்குப் போனதும் மாஸ்க்கைத் தூக்கிவிட்டார்கள். பிறகு பெரியவர்கள் முன்னால் தூக்குவது மரியாதை இல்லை என்று ஆயிற்று. பிறகு யார் பெரியவர் என்று பார்ப்பதற்காகத் தூக்குவதும் மரியாதை இல்லை என்று ஆயிற்று. சுவரைத் தடவி நடந்தார்கள், சாப்பாட்டைத் தடவிச் சாப்பிட்டார்கள். ஒரே மாதிரி நீல மாஸ்க் வாங்கிய இரண்டு மளிகைக்கடைக்காரர்கள் பதினோரு நாட்கள் ஒருவர் கடையில் மற்றவர் உட்கார்ந்திருந்தார்கள், பன்னிரண்டாம் நாள் அதைக் கண்டுபிடித்தபோது இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை. ஓடக்காட்டூரில் மாஸ்க் வாங்கியவர்கள் இரண்டாயிரத்து நானூறு பேர். வெல்டிங் பழகலாம் என்று அதில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழகியவள் ஒருத்திதான். அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டறையின் பின்கட்டில் அவள் இரும்பில் ஓட்டை போட்டாள், கையைச் சுட்டுக்கொண்டாள், ராடு ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதை முறுக்கிப் பிடுங்கினாள், கோணலாக அடித்தாள், அடித்ததை உடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். நான்காம் மாதத்தில் ஒரு நாள், வெளிச்சத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் பின்னால் இரும்பு உருகித் தேங்கி நிற்கும் சின்னக் குட்டையைப் பார்த்தாள், குட்டை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கை தானாகப் போயிற்று, வெல்டு மீன் செதிள்போல் வரிசையாக விழுந்தது. ஆறாம் மாதத்தில் சத்தத்தைக் கேட்டே தூரத்தைச் சொல்லப் பழகினாள். ஏழாம் மாதத்தில் இனி முடித்துவிடலாம் என்று தெரிந்தது. அந்த வாரம்தான் மயிலானந்தம், வைகாசி பதினேழாம் தேதி நிழற்குடையை இடித்து, பெஞ்சுக்காலைச் சுற்றி இடுப்பளவு கான்கிரீட் போட்டு, மேலே கருங்கல் மண்டபம் எழுப்பப்போவதாக அறிவித்தார். கான்கிரீட் விழுந்துவிட்டால் அந்த இணைப்பு எந்தக் காலத்திலும் முடியாது. அது முடியாமல் பொன்னுரங்கம் பட்டறையிலோ, அவர் வழக்கத்தையே வேதமாகப் பிடித்துக்கொண்ட மற்றப் பதினாறு பட்டறைகளிலோ அவளுக்கு வேலை கிடையாது.

அவள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தலைவர் தம் சிரித்த முகத்தைப் படமாக ஒட்டிய மாஸ்க்குக்குள் உட்கார்ந்திருந்தார்.

"தலைவரே, அந்த வெல்டு பாதில நிக்குதுங்க. மூணு அங்குலம் பாக்கி. முடிச்சுக் குடுத்தர்றேன்."

"முடிச்சா என்னாகும்?"

"அணஞ்சுருமுங்க."

"அணையறதுக்கா அம்மணி இத்தன கல்லு எறக்கி வெச்சிருக்கறோம்?" படம் சிரித்துக்கொண்டே இருந்தது. "உனக்கு வேலதான வேணும்? மண்டபத்துல டிக்கெட் கிழிக்கற வேல போட்டுத் தர்றேன். நிழல்ல உக்காந்துக்கலாம். வாசல்ல உம்பட போட்டோவும் மாட்டறோம்."

"எனக்கு வெல்டிங் வேலதானுங்க வேணும்."

"வெல்டிங்க எவன் வேணா அடிச்சுட்டுப் போறான். நீ இந்த ஊரோட வெளிச்சம் அம்மணி!"

"நான் ஆளுதானுங்க" என்றாள் கோகிலவாணி. "வெளிச்சம் அங்க நிக்குது."

வைகாசி பதினேழாம் தேதி நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு முகூர்த்தம். ஊர் முழுவதும் மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு கயிற்றைச் சுற்றி நின்றது, பேண்டு வாத்தியம் முழங்கியது, கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டறையின் சின்ன மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாஸ்க்கைத் தலைக்குமேல் தூக்கிவிட்டுக்கொண்டு கோகிலவாணி கூட்டத்துக்குள் நுழைந்தாள். எதிரே வந்தவர்கள் யாருக்கும் அவளைத் தெரியவில்லை, யாருக்கும் எதுவும்தான் தெரியவில்லை. காவல்காரர்களில் ஒருவன் கையால் துழாவி மிஷினைத் தொட்டுப் பார்த்து, ஏதோ பூஜைச் சாமான் என்று நினைத்து அதற்கு ஒரு மாலையைப் போட்டான். பந்தல்காரர் மட்டும் பிழைப்புக்காக மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார்.

"ஜெனரேட்டர்ல ஒரு லைன் குடுங்கண்ணா."

"தலைவர் சொன்னாருங்களா?"

"முடிக்கறதுக்குத்தானுங்க வந்திருக்கறேன்."

முடிப்பது என்றால் விழாவை என்று அவர் எடுத்துக்கொண்டார். லைன் கிடைத்தது. அவள் எர்த் கிளிப்பைப் பெஞ்சில் கவ்வவைத்து, குத்தவைத்து உட்கார்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுத்து, தலையை ஒரு வெட்டு வெட்டி மாஸ்க்கை இறக்கி, ராடின் நுனியை ஏழு மாதங்களுக்கு முன் விட்டுப்போன இடத்துக்குக் கொண்டுபோனாள். வெளிச்சம் கறவை மாடு கயிற்றுக்கு வருவதுபோல் வந்து ராடில் ஏறிக்கொண்டது. பிறகு நகர்ந்தது.

"நகருது! நகருது!" என்று கூட்டம் கத்தியது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், கை தகட்டில் பட்டு டப் டப்பென்று சத்தம் கேட்டது. முதல் அங்குலம் போயிற்று. "யாரது உள்ள? ஏய், யாரது!" என்று ஒலிபெருக்கியில் மயிலானந்தத்தின் குரல் வெடித்ததும் இரண்டாவது அங்குலத்தில் அவள் கை ஒரு நொடி ஆடியது, குட்டை ஓரம் தாண்டப் பார்த்தது, அவள் மூச்சை விட்டு, குட்டையைத் திருப்பி இழுத்தாள். "கோகிலா, குடியக் கெடுக்காதடி!" என்று சரளா அலறினாள், அந்த ஒருத்திக்குத்தான் அந்தப் பச்சை உருவம் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்தது. மூன்றாவது அங்குலம் முடிந்தது. கடைசிப் பள்ளம் நிரம்பும்வரை கோகிலவாணி ராடை ஒரு கணம் அங்கேயே நிறுத்தி, பிறகு எடுத்தாள். வெளிச்சம் அணைந்தது.

உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பதினொன்றாம் நம்பர் கண்ணாடிக்குள் அந்த வெயில் நுழையாது. இரண்டாயிரத்து நானூறு பேருக்கு ஒரே நேரத்தில் உலகம் இருண்டது. "கண்ணு போச்சே!" என்று முதலில் ஒரு குரல், பிறகு ஊர் மொத்தமும். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள், கணவன்மார்கள் யாரோ ஒருவரின் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேற்றினார்கள், யாரும் பதற வேண்டாம், கண் டாக்டருக்கு ஆள் அனுப்பியாயிற்று என்று மயிலானந்தம் ஒலிபெருக்கியைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு அறிவித்தார். பந்தல்காரர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், தான் மட்டும் பார்ப்பது நாளைக்குத் தொழிலுக்கு ஆகாது என்று எண்ணித் தம் மாஸ்க்கையும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "அய்யோ" என்றார். மாஸ்க்கைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை.

கோகிலவாணி மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வெல்டின்மேல் படிந்திருந்த கசடைத் தட்டி எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்தாள். பிறகு பித்தளை விளிம்பைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். பொன்னுரங்கம் ஒரு கருங்கல் தூணைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு? யாரது?"

"நாந்தானுங்கண்ணா, கோகிலா. வெல்ட முடிச்சுட்டேன். வந்து பாருங்க."

"எங்கிருந்து அம்மணி பாக்கறது! முப்பது வருசம் வெறுங்கண்ணுல அடிச்சேன், ஒண்ணும் ஆவல. இன்னிக்குப் போச்சே!"

அவள் இரண்டு கையாலும் அவர் மாஸ்க்கைத் தூக்கிவிட்டாள். வெயில் முகத்தில் அறைந்ததும் அவர் கண்ணை இடுக்கிக்கொண்டார், தூணைப் பார்த்தார், தம் கைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் பின்னாலேயே போய்ப் பெஞ்சருகில் குனிந்து, அந்த இணைப்பின்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்தார், சூடு என்று விரலை உதறினார், அவள் கொண்டுவந்து நீட்டிய நாலு பவுண்டு சுத்தியலை வாங்கி மூன்று அடி அடித்தார். பெஞ்சு அதிர்ந்தது, கால் அப்படியே நின்றது.

"ரெண்டாவது அங்குலத்துல கை ஆடியிருக்குது."

"ஆமாங்கண்ணா."

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு."

"சரிங்கண்ணா."

அவள் மிஷினைத் தோளில் மாட்டினாள். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்: கையை நீட்டிக்கொண்டு அழுகிற ஊர், மேடையில் தடுமாறுகிற தலைவர், யாருடைய தோளையோ தம் தம்பி என்று நினைத்துப் பற்றிக்கொண்டு புலம்புகிற நல்லசிவம். பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மணி, போறதுக்கு முன்ன இதக் கொஞ்சம் எறக்கி உட்டுட்டுப் போ. நா மட்டும் தூக்கிக்கிட்டு நின்னா நல்லா இருக்காது" என்றார்.

அவள் இறக்கிவிட்டாள். அவர் உடனே "அய்யோ, கண்ணு போச்சே" என்று மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார்.